பிஜிலியின் நாலாவது பல்

குதிரையின் தலை எக்ஸ்ரே அறைக்குள் இருந்தது. மற்றதெல்லாம் கொல்லைப்புறத்தில் நின்றது.

கோரிப்பாளையத்தில் டாக்டர் சேஷாத்ரியின் கிளினிக்கில் நான் நர்ஸாக வேலை பார்த்த அத்தனை வருஷத்திலும், அந்த அறையின் பின்வாசலை இரண்டு கதவும் விரியத் திறந்தது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். ஒரு கதவின் தாழ்ப்பாள் துருவேறி இறுகிப் போயிருந்தது. தேங்காயெண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டித் தட்டித் திறந்தோம். திறந்ததும் வெயிலும் சாணி வாசனையும் முதலில் உள்ளே வந்தன. பிறகு குதிரையின் மூக்கு வந்தது.

அது என் தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியை முகர்ந்து பார்த்தது. அதன் மூச்சில் ஊறவைத்த கொள்ளின் மணம். அதற்கு அடியில் ஏதோ அழுகிய நாற்றம்.

குதிரையின் பெயர் பிஜிலி. உருதுவில் மின்னல் என்று அர்த்தமாம். நான் அறிந்தவரையில் அந்தக் குதிரை மின்னல் மாதிரி எதையும் செய்ததில்லை. அமைதியான, பழுப்பு நிறப் பெண்குதிரை.

சென்னையில் ஆறு மாதம் எக்ஸ்ரே வேலை பழகிய கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, மனிதர்களைத் தவிர வேறு எதையாவது படம் எடுத்ததுண்டா என்று கேட்டு எழுதியிருக்கிறார். உண்டு. அதில் ஒன்றை எடுத்ததில் நான் செய்த தப்பையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எட்டு நாள் கெடு

யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியைப் புகைத்துக்கொண்டு இருமி இருமி ஓடின. ஜட்கா வண்டிகளுக்கு ஓய்வே இல்லை.

பிஜிலியை ஜட்காவில் பூட்டி ஓட்டிய காதர் பாய் தர்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தார். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, எப்போதும் கரகரத்த தொண்டை. மனைவி, மூன்று பெண்கள், படுக்கையில் கிடக்கும் மாமியார், இத்தனை பேருக்கும் பிஜிலிதான் கஞ்சி ஊற்றியது. அதற்கு வேண்டிய புல்லை ஆனையூர்ப் பக்கத்துப் பெண்கள் காலையில் தலைச்சுமையாகக் கொண்டுவருவார்கள். நல்ல கட்டாகப் பார்த்து எடுப்பதற்காகவே காதர் பாய் விடிவதற்குள் எழுந்துவிடுவார் என்று சந்தில் சொல்வார்கள்.

அந்தக் குதிரையின் வலது கீழ்த்தாடையில் ஒரு வீக்கம் வந்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசினார். வீக்கம் உடைந்து சீழ் வந்தது. ஆறிவிட்டது போலத் தெரியும்; நாலு நாளில் அதே துளையில் மறுபடி கசியும். ஒரு லாடக்காரர் சூடு போட்டார். சூட்டுப் புண் ஆறிற்று, துளை மட்டும் ஆறவில்லை.

ஜட்காக்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி ஒருநாள் வண்டிப்பேட்டைக்கு வந்தபோது அந்தத் துளையைப் பார்த்துவிட்டார். குதிரைகளுக்கு ஒரு பொல்லாத நோய் உண்டு. கிளாண்டர்ஸ் என்று பெயர். தாடைச் சுரப்பி வீங்கும், சீழ் வடியும். குதிரையிடமிருந்து மனிதனுக்கும் ஒட்டி ஆளையே கொன்றுவிடும். அந்த நோய் கண்ட குதிரையைச் சுட்டுப் புதைக்க வேண்டும் என்பது சட்டம். அதிகாரி தன் கடமையைத்தான் செய்தார். அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் பொன்னையா ஊசி மருந்து போட்டுச் சோதித்தார். கிளாண்டர்ஸ் இல்லை என்று வந்தது. ஆனால் அதிகாரி திருப்திப்படவில்லை. நோய் இல்லையென்றால் சீழ் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். எட்டு நாளில் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே எழுதி உத்தரவு வாங்குவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் பேட்டையில் மற்ற வண்டிக்காரர்கள் தங்கள் குதிரைகளைத் தள்ளிக் கட்டிவிட்டார்கள். காதர் பாய் வண்டியைப் பூட்டவே முடியவில்லை.

பொன்னையாவுக்குப் பல்லின் மேல்தான் சந்தேகம். குதிரையின் கீழ்த்தாடையில் பக்கத்துக்கு ஆறு கடைவாய்ப் பற்கள். ஒவ்வொன்றின் வேரும் விரல் நீளத்துக்குத் தாடைக்குள் இறங்கியிருக்கும். வேரில் சீழ் கட்டினால் எலும்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். வாயைத் திறந்து பார்த்தால் மேலே பல் நன்றாகத்தான் தெரியும். ஆறில் எது என்பதுதான் கேள்வி. அதற்குள் எட்டு நாள் கெடுவில் இரண்டு நாள் போய்விட்டது.

மாங்கொட்டை விழுங்கிய நாய்

பொன்னையாவும் எங்கள் டாக்டரும் வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் சீட்டாடுவார்கள். அந்தப் பழக்கத்தில்தான் அவருடைய நோயாளிகள் எங்கள் மேஜைக்கு வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தது ஒரு வக்கீல் வீட்டு நாய்.

அந்த நாய் மூன்று நாளாகச் சாப்பிட்டதையெல்லாம் கக்கிக்கொண்டிருந்தது. மாம்பழக் காலம். கொட்டையை விழுங்கியிருக்கும் என்று வீட்டில் சந்தேகம். மாங்கொட்டை எக்ஸ்ரேயில் தெரியாது. எலும்பும் உலோகமும் வெள்ளையாக விழும். மாங்கொட்டை, மரத்துண்டு, துணி இவையெல்லாம் சதையோடு சதையாக மறைந்துவிடும்.

மனிதர்களுக்குக் குடல் பார்க்கக் கொடுக்கும் பேரியம் என்ற வெள்ளை மாவு எங்களிடம் இருந்தது. எக்ஸ்ரே கதிர் அதை ஊடுருவாது. அது போகிற வழியெல்லாம் படத்தில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாகத் தெரியும். வாந்தி எடுக்கிற நாய்க்கு அதை எப்படிக் கொடுப்பது? மோரில் கரைத்து, கன்னத்தின் ஓரத்தைப் பை மாதிரி இழுத்துப் பிடித்து, கரண்டி கரண்டியாக விட்டேன். பாதி என் புடவையில்.

பிறகு நாயை இடது பக்கமாகப் படுக்கவைத்து, கழுத்திலும் பின்னங்கால்களிலும் சிறு மணல் மூட்டைகளை வைத்தேன். மனுஷனிடம் அசையாதே என்று சொல்லலாம். மிருகத்திடம் சொல்வது அந்த மணல் மூட்டைதான். பாரம் மேலே இருந்தால் எதற்கோ அடங்கிக் கிடக்கும். படத்தில் பேரியம் ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, நடுவே கறுப்பாக ஒன்றைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. அசல் மாங்கொட்டை வடிவம்.

பொன்னையா வயிற்றைத் திறந்து கொட்டையை எடுத்தார். மூன்றாம் நாள் நாய் செத்துவிட்டது. குடல் ஏற்கெனவே அழுகியிருந்ததாம். இன்னும் இரண்டு நாள் முந்தி வந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று அவர் வக்கீலிடம் நேராகவே சொன்னார். அதிகம் பேசாத மனிதர். பேசினால் பூசி மெழுகத் தெரியாது.

அந்த நாய்க்குப் பிறகு இரண்டு ஆடு, ஒரு கன்றுக்குட்டி. மிருகங்களை நானேதான் பிடித்துக்கொள்வேன். கதிர் கையில் படாமலிருக்கப் போடும் ஈயக் கையுறை ஒரே ஒரு ஜோடி. அதைப் போட்டால் விரல் மடங்காது, கழற்றி வைத்துவிட்டுத்தான் பிடிப்பேன். இப்போது என் வலதுகை விரல் நகங்கள் வரிவரியாகப் பிளந்திருப்பதற்கு அதுதான் காரணம் என்கிறார்கள். இருக்கலாம். அன்றைக்கு அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

பசை

குதிரையை உள்ளே கொண்டுவர முடியாது, இயந்திரத்தை வெளியே கொண்டுபோக முடியாது. ஆகவே தலையை மட்டும் உள்ளே விடுவது என்று முடிவாயிற்று. நோயாளிகள் வராத ஞாயிறு. நான் கோயிலில் காலை ஆராதனை முடிந்து நேரே வந்துவிட்டேன்.

டாக்டர் சேஷாத்ரி இதற்குச் சம்மதித்ததே பெரிய காரியம். பிலிம் கப்பலில் வர வேண்டும். கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பெரிய அளவு பிலிம் எட்டுத்தான் மிச்சம். ஒன்றே ஒன்று குதிரைக்கு, அதற்கு மேல் கேட்கக் கூடாது என்று பொன்னையாவிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

வெறும் படம் எடுத்தால் எந்தப் பல் என்று தெரியாமல் போகலாம். துளை எங்கே போய் முடிகிறது என்று பார்க்க வேண்டும். இதற்கென்று அயோடின் கலந்த ஓர் எண்ணெய் உண்டு. யுத்தம் வந்த பிறகு அது வருவதில்லை. ஆகவே நான் பேரிய மாவையும் வாசலைனையும் சேர்த்து, கண்ணாடிப் பலகையில் வைத்துக் கத்தியால் தேய்த்துத் தேய்த்து, தோசை மாவு பதத்துக்குப் பசையாக்கினேன். கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்து இளக்கி, ஊசியைக் கழற்றிய சிரிஞ்சில் ஏற்றினேன். பொன்னையா அதன் முனையில் மாட்டிய ரப்பர்க் குழாயைத் தாடைத் துளைக்குள் செலுத்தி மெல்ல அழுத்தினார். காதர் பாய் குதிரையின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். பசை நிரம்பி வெளியே வழிந்ததும் துளையைப் பஞ்சால் அடைத்தோம். வழிந்ததை நான் துடைத்தேன்.

கடிவாளத்தைக் கழற்றிவிட்டோம், இரும்பு படத்தில் விழுந்துவிடும். வெறும் தும்புக் கயிறுதான் தலையில்.

குதிரையின் கீழ்த்தாடை ஒரு கவட்டை மாதிரி. பக்கவாட்டில் நேராகப் படம் எடுத்தால் இடது வரிசைப் பற்களும் வலது வரிசைப் பற்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அதைத் தவிர்க்க எக்ஸ்ரே குழாயைத் தாழ்த்தி, இடது பக்கத்தில் கீழேயிருந்து மேல்நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். தரையில் விளக்கை வைத்து அதன் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டிப் பாருங்கள். விளக்குக்கு அருகில் இருக்கும் கையின் நிழல் சுவரில் மேலே ஏறிவிடும். சுவரை ஒட்டிய கையின் நிழல் கீழே தனியாக நிற்கும். அவ்வளவுதான் சூட்சுமம்.

பிலிம் இருக்கும் தட்டையான பெட்டியைக் கேசட் என்போம். எச்சில் படாமலிருக்க அதை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றினேன். பொன்னையா ஈயக் கையுறை மாட்டிக்கொண்டு அதைக் குதிரையின் வலது கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தார். டாக்டர் சுவரோரமாக நின்றார்.

விசையைத் தட்டினேன். இயந்திரம் உறுமத் தொடங்கியது. பிஜிலி அதுவரை அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. தலையைத் தாழ்த்திக் காதர் பாய் பக்கம் சாய்த்துக்கொண்டது. அதே நொடியில் பித்தானை அழுத்திவிட்டேன். கையைத் தடுக்க நேரமில்லை.

துணியில் ஒரு கறை

மதுரை வெயிலில் பிலிம் கழுவும் மருந்து சூடேறிப் பிலிமின் பூச்சே உருகிவிடும். மரத்தூளில் புதைத்துவைத்த ஐஸ்கட்டியை உடைத்துத் தொட்டியைச் சுற்றிப் போட்டுக்கொண்டுதான் கழுவுவேன். சிவப்பு விளக்கில் படம் மெல்ல எழும்பி வந்தது. பற்களின் இரண்டு வரிசையும் பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன; பசை போன வழி அந்தக் குழப்பத்தில் தெரியவில்லை. ஆனால் மூன்றாவது பல்லின் வேரடியில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பொட்டு.

ஈரம் சொட்டச் சொட்ட வெளியே கொண்டுவந்தேன். டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மூன்றாவது பல்தான் என்றார். பொன்னையாவும் பார்த்தார். இரண்டு பேர் முகத்திலும் நிம்மதி. மறுநாளே எடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டு முன்பக்கம் காபி குடிக்கப் போனார்கள்.

நான் சாமான்களைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். பிலிமை எடுப்பதற்காக இருட்டில் கேசட்டிலிருந்து உருவிப் போட்டிருந்த துணியை எடுத்தபோது என் விரலில் ஏதோ வழவழவென்று ஒட்டியது. பார்த்தால் பேரியப் பசை. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறை.

குதிரையின் தாடை மயிரில் நான் துடைக்காமல் விட்ட பசை துணியில் அப்பியிருக்கிறது. துணியை மறுபடி கேசட்டில் முன்போலவே சுற்றி, படத்தை எடுத்து அதன்மேல் பொருத்திப் பார்த்தேன். கறையும் அந்த வெள்ளைப் பொட்டும் ஒரே இடத்தில் இருந்தன.

இரண்டு பெரியவர்கள் மூன்றாவது பல் என்று முடிவுகட்டியது, என் துணியில் இருந்த அழுக்கைப் பார்த்து.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேனா என்று கேட்டால், நினைத்தேன். கறைக்கு அடியில் உண்மையிலேயே மூன்றாவது பல்லில் பசை இருக்கலாமே என்று எனக்கு நானே வாதாடினேன். பிலிம் ஒன்று வீணாகிவிட்டது. இன்னொன்று கேட்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியாகிவிட்டது. தப்பு என்னுடையது. ஒரு நர்ஸ் டாக்டர் படித்த படத்தைத் தவறு என்று சொல்வது அந்தக் காலத்தில் லேசில்லை, அதுவும் வெளியாள் முன்னால்.

ஆனால் அந்தப் பல்லை எப்படி எடுப்பார்கள் என்று பொன்னையா காலையில்தான் சொல்லியிருந்தார். குறடு போட்டு இழுத்தால் வராது. குதிரையை மயக்கிக் கிடத்தி, தாடை எலும்பில் கீழேயிருந்து துளை போட்டு, உளியை வைத்து வேரை மேல்நோக்கி அடித்துத் தள்ள வேண்டும். அழுகிய பல் ஆடிக்கொண்டிருக்கும், வந்துவிடும். நல்ல பல்லின்மேல் அடித்தால் தாடை இரண்டாகும். தாடை போன குதிரை பட்டினி கிடந்து சாகும்.

துணியையும் படத்தையும் எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனேன்.

“சார், அந்த வெள்ளை பல்லுல இல்ல. இந்தத் துணியில இருக்கு. நான் சரியாத் தொடைக்கல.”

டாக்டர் காபித் தம்ளரைக் கீழே வைத்தார். துணியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

“பெரிய பிலிம் எத்தனை இருக்கு?”

“ஏழு சார்.”

“நாளைக்கு ஒருத்தன் இடுப்பு ஒடிஞ்சு வருவான். அவனுக்கு எடுக்க வேண்டியதைக் குதிரைக்குக் கொடுத்துட்டேன்னு நான் சொல்லணுமா?”

அது நியாயமான கேள்விதான். படம் இல்லாமலே தாடையைத் திறந்து பார்த்துக்கொள்கிறேன் என்று பொன்னையா எழுந்துவிட்டார். சத்தம் கேட்டுக் காதர் பாய் வாசலில் வந்து நின்றிருந்தார். டாக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

“சிஸ்டரம்மா, எனக்கு இந்தப் படமெல்லாம் வெளங்காது. இவுக மூணாவதுங்கிறாக. நீங்க என்ன சொல்றீக?”

“எனக்குத் தெரியல பாய். இந்தப் படத்த வச்சு யாராலயும் சொல்ல முடியாது. அதுதான் நெசம்.”

டாக்டருடைய காபி ஆறிப்போனது. கடைசியில் அவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, இன்னொன்று எடுங்கள், ஆனால் அதுவும் ஆடிவிட்டால் என்னிடம் வரக்கூடாது என்றார்.

சவாரி இறங்கும்போது

ஆடாமல் நிற்கவைப்பது எப்படி? தலையைத் தூணோடு சேர்த்துக் கட்டலாமா என்று பொன்னையா யோசித்தார். கட்டினால் இன்னும் மிரளும் என்றார் காதர் பாய். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்.

“வண்டியில பூட்டிருவோம்யா. ஏர்க்கால் தோள்ல ஏறிட்டா அது வேற குதிரை. ஆளு ஏறுறப்பவும் எறங்குறப்பவும் அசையக் கூடாதுன்னு குட்டியிலேருந்து பழக்கிருக்கேன். பின்படியில காலு பட்டாப் போதும், கல்லு மாதிரி நிக்கும்.”

வண்டி சந்திலிருந்து வந்தது. கொல்லையில் அதைத் திருப்பவே அரை மணி நேரமாயிற்று. துணிக்கல்லை நகர்த்த வேண்டியிருந்தது. குதிரையைப் பூட்டி, பழையபடி தலை மட்டும் வாசற்படிக்கு உள்ளே வரும்படி நிறுத்தினோம்.

இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. கதிர் வராமல் இயந்திரத்தின் மோட்டாரை மட்டும் ஓடவிட்டேன். முதலில் பிஜிலி காதை விறைத்தது. நிறுத்தினேன், மறுபடி ஓட்டினேன். ஆறேழு தடவைக்குப் பிறகு காதுகள் தளர்ந்தன. புதிதாகப் பசை ஏற்றினோம். வெந்நீரும் சோப்பும் போட்டுத் தாடை மயிரை நானே கழுவி, உலர்ந்த துணியால் மூன்று தடவை துடைத்து, விரலால் தடவிப் பார்த்தேன். கேசட்டுக்குப் புதுத்துணி.

காதர் பாய் தலைக்கயிற்றைப் பிடித்தார். பொன்னையா கேசட்டைப் பிடித்தார். நான் விசையருகில். அப்போதுதான் பின்படியில் ஏற ஆள் இல்லை என்பது எல்லோருக்கும் உறைத்தது.

டாக்டர் சேஷாத்ரி கொல்லைக்கு இறங்கிப் போனார். கனத்த சரீரம். வண்டிக்குப் பின்னால் போய்ப் படியில் ஒரு காலை வைத்து ஏறினார். குதிரையின் இரு பக்கமும் நீண்டிருந்த ஏர்க்கால் மரம் மெல்ல மேலே எழும்பியது.

பிஜிலி மூச்சுவிடுவது மட்டும் தெரிந்தது. கண் இமைக்கவில்லை. மோட்டார் உறுமியது, காது கூடத் திரும்பவில்லை. நான் அழுத்தினேன். மனதுக்குள் நாலு வரை எண்ணிப் பித்தானை விட்டேன்.

“இறங்கலாமா?” என்று வெளியேயிருந்து டாக்டரின் குரல் கேட்டது.

கழுவி எடுத்த படத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இடது தாடை மேலே விலகிப் போயிருந்தது. வலது தாடையின் ஆறு பற்களும் வரிசையாக, தனித்தனியாக நின்றன. துளையிலிருந்து ஒரு வெள்ளைக் கோடு சாய்வாகப் பின்னோக்கி ஏறி, நாலாவது பல்லின் வேரைச் சுற்றி வேர்விட்டுப் பரவியிருந்தது. மூன்றாவது பல்லைச் சுற்றி எலும்பு முழுசாக இருந்தது.

பொன்னையா அதைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாளைக்குக் காலையில் மூன்றாவதை அடித்திருப்பேன் என்று மட்டும் சொன்னார்.

அதிகாரி பார்த்த படம்

திங்கட்கிழமை காலை அனுமதி கேட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். வைக்கோல் மெத்தையில் பிஜிலியைக் கிடத்தியிருந்தார்கள். குளோரோபாரத்தின் தித்திப்பு வாடை முற்றமெங்கும். காதர் பாய் உள்ளே வரவில்லை; மதிலுக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்தார்.

உளியின் மேல் ஐந்தாறு அடி விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் சத்தம் மாறிக்கொண்டே வந்தது. பிறகு பொன்னையா வாய்க்குள் கையை விட்டு ஒரு நீளமான, மஞ்சளும் கறுப்புமான பல்லை எடுத்தார். அதன் வேர் ஈரக் கரி மாதிரி விரலோடு உதிர்ந்தது. நாற்றத்தில் நான் இரண்டடி பின்னால் போனேன். அவர் பக்கத்துப் பல்லை ஆட்டிப் பார்த்தார். அது பாறையில் ஊன்றியது போல நின்றது.

குதிரை எழுந்து நிற்க மத்தியானமாகிவிட்டது. கால்கள் நாலு பக்கமும் விரிந்து, தலை தொங்கி, பார்க்கச் சகிக்கவில்லை. காதர் பாய் அதன் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

எட்டாம் நாள் அதிகாரி வந்தார். பொன்னையா கடிதத்தையும் பல்லையும் படத்தையும் மேஜையில் வைத்தார். அதிகாரி கடிதத்தைப் படித்தார். பல்லைக் காகிதத்தால் தள்ளிவிட்டார். படத்தைத் தலைகீழாகப் பிடித்து நெடுநேரம் பார்த்துத் தலையை ஆட்டினார். கையெழுத்துப் போட்டார். யாரும் அவரிடம் படத்தைத் திருப்பச் சொல்லவில்லை.

குழி தூர்ந்து ஆற ஒன்றரை மாதம் பிடித்தது. அதுவரை காதர் பாய் விளாங்குடியில் ஒரு செங்கல் சூளையில் கல் சுமந்தார். கொள்ளைக் கஞ்சியாகக் காய்ச்சி குதிரைக்கு ஊட்டியது அவருடைய மூத்த பெண். அதன் பிறகு அந்த வண்டி யுத்தம் முடிந்தும் சில வருஷம் ஓடியது.

இவ்வளவோடு நிறுத்தினால் இது நல்ல கதையாகிவிடும். நடந்தது இன்னும் கொஞ்சம் உண்டு. அடுத்த பிலிம் பெட்டி வருவதற்கு முன்னால் எங்களிடம் இருந்தது தீர்ந்துபோயிற்று. தீர்ந்த மறுநாள், மில்லில் விழுந்து தொடை எலும்பு முறிந்த ஒரு தொழிலாளியைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். பிலிம் இல்லை என்று சொல்லி, எலும்பு ஆடாமலிருக்கத் தொடைக்குத் தட்டி வைத்துக் கட்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வண்டி குலுங்கும்போதெல்லாம் அவர் போட்ட சத்தம் பாலம் வரையில் கேட்டது. குதிரைக்குக் கொடுத்த இரண்டில் முதலாவது என் கவனக்குறைவால் போனது. அதைச் சரியாகத் துடைத்திருந்தால், இயந்திரத்தின் சத்தத்துக்குக் குதிரையை முன்பே பழக்கியிருந்தால், அந்த ஒன்று மிஞ்சியிருக்கும். டாக்டர் அன்றைக்கு அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

பிலிம் வந்தது. வேலை பழையபடி ஆரம்பித்தது. மழை பிடித்த ஒரு நாள் வயிற்று வலி என்று ஓர் அம்மாள் வந்தார்கள். பேரியம் குடிக்கக் கொடுத்து, படம் எடுத்து, கழுவி, காயவைத்து, டாக்டர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். வழக்கமாக நான் வைத்துவிட்டு வந்துவிடுவேன். அவர் படிப்பார், எழுதுவார். அன்று நான் வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டார்.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தார். என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“சிஸ்டர், இதை நம்பலாமா?”

நான் அருகில் போய்ப் பார்த்தேன். இரைப்பையின் விளிம்பு ஓரிடத்தில் இரட்டையாகத் தெரிந்தது.

“வேண்டாம் சார். அந்தம்மா பாதியில மூச்சு விட்டுட்டாங்க. இன்னொண்ணு எடுக்கணும்.”

அவர் படத்தை மேஜையில் வைத்தார். எழுந்து, தானே கூடத்துக்குப் போய், இன்னும் சிறிது நேரம் உட்காருங்கள் என்று அந்த அம்மாளிடம் சொன்னார்.